கடைசி ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம்?

மே 19, 2024 (கேள்வி)

அண்ணே, நான் காலேஜ் டீமில் பாஸ்கெட்பால் ஆடுகிறேன். ஸ்லாம் டங்க் என்ற ஜப்பானிய பாஸ்கெட்பால் காமிக்ஸைப் படி, படி என்று எல்லோரும் உயிரை எடுக்கிறார்கள். நாலு தொகுதி படித்தேன். ஒருத்தன் ரிங்கைப் பார்த்துக் குதிக்கிறான், அவன் கீழே இறங்குவதற்குள் மூன்று பேர் பேசி முடித்துவிடுகிறார்கள். கடைசி மேட்ச் மட்டும் ஆறேழு தொகுதி போகுமாமே. நிஜத்தில் ஒரு நிமிஷம் என்றால் ஒரு நிமிஷம்தான். தினமும் கோர்ட்டில் நிற்கிறவனுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? பாஸ்கெட்பாலுக்குப் புனைவே தேவையில்லை என்பது என் கட்சி. மறுத்துப் பேசுங்கள்.

மே 19, இரவு

தம்பி, ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்தான் என்று யார் சொன்னது? நீ ஆடுவது பாஸ்கெட்பால்தானே?

ஃபுட்பாலில் கடிகாரம் நிற்காது. கிரிக்கெட்டில் இந்த மாதிரி கடிகாரமே கிடையாது. நம்ம ஆட்டத்தில் விசில் ஊதினால் கடிகாரம் நிற்கும். ஃபவுல், நிற்கும். பந்து வெளியே, நிற்கும். டைம் அவுட், நிற்கும். ரெண்டு பாயின்ட் பின்தங்கிய டீம் வேண்டுமென்றே ஃபவுல் போட்டுக் கடிகாரத்தை நிறுத்தும். கடைசி ஒரு நிமிஷம் பத்து நிமிஷம் ஓடியதை நீயே பார்த்திருப்பாய். அந்த ஒன்பது நிமிஷமும் ஆட்கள் நின்றுகொண்டு யோசிக்கிறார்கள், பயப்படுகிறார்கள், ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுகிறார்கள். கதை எழுதுகிறவன் நுழைய இடம் விட்டுக் கட்டிய ஆட்டம் இது.

காற்றில் தொங்கிக்கொண்டே பேசுவதை மட்டும் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். அதற்கு என்னிடம் வக்காலத்து இல்லை.

மே 20, காலை

இருக்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன்.

வில் ஒடிகிற இடத்தில் கம்பன் செய்ததை நினைத்துப் பார். எடுத்ததைப் பார்த்தார்கள், ஒடிந்ததைக் கேட்டார்கள், நடுவே ஒன்றும் கிடையாது. நாண் ஏற்றியதைக் கண் பிடிக்கவில்லை. ஒரு கணத்தை இழுத்து ஏழு தொகுதி ஆக்கலாம், இல்லாமலும் ஆக்கலாம். ரெண்டும் கதைக்காரன் கையில் இருக்கிற வேலைதான். நீ நாலு தொகுதியோடு நிறுத்திவிட்டாய். அதை எழுதி வரைந்த இனோவே கடைசித் தொகுதியில் என்ன செய்கிறார் தெரியுமா? சான்னோ அணியோடு ஆடும் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அநேகமாக வசனமே கிடையாது. பேச்சு ஏறக்குறைய நின்றுவிடும். காற்றில் பேசிப் பேசி உன்னைக் கடுப்பேற்றியதெல்லாம் அந்த மௌனத்துக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

(இது ரொம்பச் சாமர்த்தியமாகத் தெரிகிறது. 1990-இல் தொடர் ஆரம்பிக்கும்போதே 1996-இல் இப்படி முடிக்கப் போகிறோம் என்று எந்த வார இதழ்க்காரன் திட்டம் போட்டிருப்பான். பாதி வாதத்தை வாபஸ் வாங்குகிறேன்.)

மே 23

என் கோர்ட்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று புரியும்.

தேனிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் சிமென்ட் கோர்ட், நடுவில் வெடிப்பு, வெடிப்பில் புல். ஒரு ரிங்கில் வலை கிடையாது, இன்னொரு ரிங் லேசாக முன்னால் குனிந்திருக்கும். குனிந்த ரிங்குக்குத்தான் டாஸில் அடிதடி. எங்களுக்குக் கடிகாரம் என்றால் பி.இ.டி. சார் கையில் கட்டியிருக்கிற வாட்ச். இத்தனை நொடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும் என்று எண்ணுகிற ஷாட் கிளாக் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. சாயங்காலம் ஹாஃப் கோர்ட்டில் மூணுக்கு மூணு, இருட்டினால் ஆட்டம் முடிந்தது. பந்து தெரியாமல் போய் யார் மூக்கிலாவது பட்டால்தான் இருட்டிவிட்டது என்று ஒத்துக்கொள்வோம்.

கோடை வந்தால் பெரியகுளம். அகில இந்தியப் போட்டி. சைக்கிளில் டபுள்ஸ் போய் வெளிச்சத்தில் ஆடுகிறவர்களைப் பார்ப்போம். ஐ.ஓ.பி., சர்வீசஸ் மாதிரி அணிகள் வரும். ஆறரை அடி ஆட்கள் மாம்பழக் கடையில் குனிந்து விலை கேட்பதே எங்களுக்குப் பெரிய வேடிக்கை. அங்கேதான் முதன்முதலாகப் பந்து வலைக்குள் விழும் சத்தத்தைக் கேட்டேன். எங்கள் ரிங்கில் வலை இல்லையே. பந்து உள்ளே போனதா, முன்னால் போனதா என்று எங்களுக்குள் பாதி நேரம் சண்டை. அந்த 'சவுக்' சத்தம் கேட்டபிறகுதான் இந்த ஆட்டத்துக்கு ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று தெரிந்தது.

நான் சப். என் உயரம் 163 செ.மீ. சட்டையில் எண் 15.

மே 23, கொஞ்ச நேரம் கழித்து

15 ஏன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது சர்வதேச விதிப்படி சட்டை எண் 4-இலிருந்து 15 வரைதான். 1, 2, 3 கிடையாது, ஏனென்றால் நடுவர் ஒரு விரல், ரெண்டு விரல், மூணு விரல் காட்டினால் அது பாயின்ட் கணக்கு. ஆள் எண்ணோடு குழம்பிவிடக் கூடாது. 2014-க்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் 4 போட்டவன் கேப்டன், 15 போட்டவன் தண்ணீர் பாட்டில் தூக்குகிறவன். ஸ்லாம் டங்கில் கேப்டன் அகாகியின் சட்டையில் 4 பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஜப்பானில் இருப்பவனுக்கும் தேனியில் இருப்பவனுக்கும் ஒரே எண் ஒரே அர்த்தம்.

160 செ.மீ. மக்ஸி போக்ஸ் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் 14 சீசன் ஆடினார் என்று யாரும் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். என்னைவிட மூணு சென்டிமீட்டர் குட்டை ஆனவர் அங்கே ஆடுகிறார் என்றால் என் பிரச்சினை உயரம் இல்லை என்று ஆகிவிடுகிறது. அது இன்னும் மோசம்.

மே 27

தம்பியின் கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். நிஜத்தை அப்படியே காட்டினால் என்ன ஆகும்?

1954, அமெரிக்காவில் இந்தியானா மாநிலம். மைலன் என்று ஒரு சின்ன ஊர்ப் பள்ளி, மொத்த மாணவர்கள் 161 பேர். மாநில இறுதி ஆட்டத்தில் மன்சி சென்ட்ரல் என்ற பெரிய பள்ளியை 32-30 என்று ஜெயித்தது. கடைசி ஷாட் பாபி பிளம்ப். இதை வைத்துத்தான் 1986-இல் ஹூசியர்ஸ் படம் எடுத்தார்கள். எல்லோரும் கடைசி ஷாட்டைத்தான் பேசுவார்கள். நிஜத்தில் அதற்கு முன்னால் நடந்த ஒன்றைப் படம் தொடவே இல்லை. நான்காவது கால்பகுதியில் அதே பிளம்ப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நிமிஷத்துக்கும் மேல் சும்மா நின்றான். ஷாட் கிடையாது, பாஸ் கிடையாது. ஷாட் கிளாக் இல்லாத காலம், அது சட்டப்படி சரி. எதிரில் நின்றவனும் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

அரங்கம் நிறைய ஆட்கள், நாலு நிமிஷம் ஒருத்தன் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதை எந்த இயக்குநர் எடுப்பார்? எனக்கு என்னவோ அந்த நாலு நிமிஷம்தான் பார்க்க ஆசை. கடைசி ஷாட்டை ஆயிரம் பேர் போட்டுவிட்டார்கள்.

மே 28

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க மறந்தேன். அதே 1954-இல்தான் என்.பி.ஏ. 24 நொடி ஷாட் கிளாக்கைக் கொண்டுவந்தது. காரணமும் இந்தப் பந்து பிடித்து நிற்கிற வேலைதான். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸும் மினியாபொலிஸ் லேக்கர்ஸும் ஆடி 19-18 என்று முடித்தார்கள். முழு ஆட்டத்துக்கும் சேர்த்து 37 பாயின்ட்! ஜனங்கள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்காத குறை. பிறகு சிரக்யூஸ் அணியின் முதலாளி டேனி பியாசோன் கணக்குப் போட்டார். நல்ல ஆட்டம் என்று தான் நினைத்தவற்றில் ரெண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 ஷாட் அடித்திருந்தன. 48 நிமிஷம் என்றால் 2880 நொடி. வகுத்தால் 24. விஞ்ஞானமும் இல்லை, மண்ணும் இல்லை, மளிகைக் கடைக் கணக்கு. என்.பி.ஏ.விலும் சர்வதேச ஆட்டங்களிலும் இன்றைக்கும் அந்த 24 ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 2

தம்பி எழுதியிருக்கிறான்: 'பார்த்தீர்களா, நீங்கள் சொன்னதிலேயே நல்ல கதைகள் எல்லாம் நிஜத்தில் நடந்தவை. புனைவு அதைக் கெடுத்திருக்கிறது.'

அடேய். சரி, ஒரு பாயின்ட் உனக்கு.

ஜூன் 9

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

ப்ளஸ் டூ. மண்டல அளவு ஆட்டம். ஒரு பாயின்ட் பின்தங்கியிருக்கிறோம். ரெண்டு பேர் ஐந்து ஃபவுல் ஆகி வெளியே போனதால் பி.இ.டி. சாருக்கு வேறு வழியில்லை, என்னை இறக்கினார். சில நொடி இருக்கும்போது ஒருத்தன் என் மேல் விழுந்தான். ரெண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறிகிற ஷாட்.

இங்கே ஒரு ரகசியம். தலைக்கு மேலிருந்து எறிந்தால் எனக்கு ஃப்ரீ த்ரோ வராது, பத்துக்கு நாலுதான். ஆனால் யாரும் இல்லாதபோது ரெண்டு கையாலும் முழங்காலுக்கு நடுவிலிருந்து, கிணற்றில் வாளி இறைக்கிற மாதிரி, கீழேயிருந்து தூக்கிப் போட்டுப் பார்ப்பேன். பத்துக்கு ஏழு விழும். மெதுவாகப் போகும், மெதுவாகச் சுழலும், ரிங்கில் பட்டாலும் துள்ளாமல் உட்கார்ந்து உள்ளே போகும். ஒருநாள் ஜூனியர் பையன்கள் பார்த்துவிட்டு 'பாட்டி கோலம் போடுது' என்றார்கள். அன்றோடு நிறுத்தினேன்.

அந்த மேட்ச்சில் கோட்டில் நிற்கும்போது எனக்குத் தெரியும், கீழேயிருந்து போட்டால் விழும் என்று. ஓரத்தில் பெண்கள் பள்ளி அணி உட்கார்ந்திருந்தது. மேலேயிருந்து எறிந்தேன். ரெண்டும் போர்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஒரு பாயின்ட்டில் தோற்றோம். சார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து, வேலை பார்த்த ஊரில், ஹாஸ்டல் அறை நண்பனின் கம்ப்யூட்டரில் ஸ்லாம் டங்க். ஸ்கேன் செய்த பக்கங்கள். வலமிருந்து இடமாகப் படிக்கணும் என்று தெரியாது, முதல் அத்தியாயம் முழுக்க இடமிருந்து படித்தேன், ஜப்பான்காரன் வித்தியாசமாகக் கதை சொல்கிறான் என்று வியந்தேன். போகப்போக ஓரிடத்தில் கதாநாயகன் சகுராகி ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கிறான். அவனுக்கும் மேலேயிருந்து வராது. எல்லோரும் பார்க்க, கால் ரெண்டையும் அகட்டி, கீழேயிருந்து தூக்கிப் போடுகிறான். கூட்டம் சிரிக்கிறது. அவனுக்கு அது காதிலேயே விழவில்லை.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்த பக்கம்.

ஜூன் 10

நேற்று எழுதியது அழுகை நாடகம் மாதிரி ஆகிவிட்டது. கணக்குக்கு வருவோம்.

கீழேயிருந்து போடுவது கேலிக்கூத்து இல்லை. ரிக் பேரி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் வாழ்நாள் முழுக்க அப்படிப் போட்டு நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் விழவைத்தவர். வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2-இல் ஹெர்ஷி ஊரில் ஒரே ஆட்டத்தில் 100 பாயின்ட் எடுத்தாரே, அன்றைக்கு 32 ஃப்ரீ த்ரோவில் 28 விழுந்தது. அந்த சீசனில் அவர் கீழேயிருந்துதான் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஃப்ரீ த்ரோ சதவீதம் அதிகபட்சமாக இருந்த சீசனும் அதுதான். பிறகு விட்டுவிட்டார். பார்ப்பதற்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று கூச்சம். தப்பு என்று தெரிந்தே விட்டதாகத் தன் சுயசரிதையில் ஒத்துக்கொண்டிருக்கிறார். வாழ்நாள் சராசரி 51 சதவீதத்தில் நின்றது.

நூறு பாயின்ட் எடுத்தவருக்கே கூச்சம் என்றால் 15-ஆம் எண் சட்டைக்காரன் எம்மாத்திரம். நிஜ உலகத்தில் இவ்வளவு பேர் வெட்கப்பட்டதைக் காகிதத்தில் ஒரு சிவப்புத் தலைப் பயல் வெட்கமில்லாமல் செய்துவிட்டான். ரிக் பேரியும் செய்தார், அவர் நிஜ ஆள்தான், தெரியும். தம்பி அதைப் பிடித்துக்கொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது சகுராகிதான்.

ஜூன் 16

ஒரு திருத்தம். முன்னே கால்பகுதி, கால்பகுதி என்று எழுதினேன். அது அமெரிக்கப் பள்ளி ஆட்டத்துக்குச் சரி. எங்கள் காலத்தில் சர்வதேச விதிப்படி 20 நிமிஷம் வீதம் ரெண்டு பாதி. 2000-இல்தான் பத்துப் பத்தாக நாலு ஆனது, 30 நொடி ஷாட் கிளாக் 24 ஆனதும் அப்போதுதான். ஸ்லாம் டங்க் ஆட்டங்கள் எல்லாம் அந்தப் பழைய ரெண்டு பாதிக் கணக்கு. இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் 'ஏன் இவ்வளவு நேரம் இடைவேளையே இல்லை' என்று கேட்பது அதனால்தான்.

ஜூன் 30

கதை என்றால் எல்லாவற்றுக்கும் கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குரோகோ என்ற இன்னொரு ஜப்பானிய பாஸ்கெட்பால் கதை எனக்கு ஒட்டவில்லை. கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஷாட், தவறவே தவறாது. தவறாத ஷாட்டில் எனக்கு என்ன வேலை? என் மகள் அதைப் பார்த்துத்தான் பாஸ்கெட்பால் ஆட வந்தாள், ஆகவே வீட்டில் இதைச் சொல்ல முடியாது.

அதே இனோவேயின் 'ரியல்' வேறு தினுசு. சக்கர நாற்காலி பாஸ்கெட்பால். படித்துவிட்டு விதிகளைத் தேடிப் போனேன். சக்கரத்தை ரெண்டு முறை தள்ளலாம், அதற்குள் பந்தைத் தட்டியாக வேண்டும், இல்லையென்றால் ஸ்டெப்ஸ் என்று விதிமீறல். தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவது (டபுள் ட்ரிப்ளிங்) இங்கே தப்பு கிடையாது. உடல் இயக்கத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை ஒரு எண். கோர்ட்டில் இருக்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே இயக்கம் ரொம்பக் குறைந்தவருக்கும் ஐந்தில் ஒரு இடம் வேண்டும், அவர் இல்லாமல் கணக்கு நேராகாது. ரிங் மட்டும் அதே பத்தடி உயரம். உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி. நான் நின்றுகொண்டே புலம்பினேன்.

(அந்தப் பத்தடியும் யாரும் ஆராய்ந்து வைத்ததில்லை. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை ஆணி அடித்த மாடக் கைப்பிடி அந்த உயரத்தில் இருந்தது, அவ்வளவுதான்.)

ஜூலை 14

தம்பி இருபதாம் தொகுதிக்கு வந்துவிட்டானாம். மறுத்துப் பேசச் சொன்னவன் இப்போது 'மிட்சுய்யை அவன் கோச் மன்னித்தது சரியா' என்று ராத்திரி ஒரு மணிக்குக் கேட்கிறான். தூங்குடா.

ஆகஸ்ட் 11, அதிகாலை 3.15

யாராவது விழித்திருக்கிறீர்களா?

பாரிஸ் ஒலிம்பிக் இறுதி. அமெரிக்கா 98, பிரான்ஸ் 87. ஸ்கோரைப் பார்த்து நம்பாதீர்கள். மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போது வித்தியாசம் மூணுதான். அதற்குப் பிறகு அமெரிக்காவின் ஸ்டீபன் கரி நாலு த்ரீ, அதாவது மூணு பாயின்ட் ஷாட். கடைசி ஒன்று, ரெண்டு பேர் கையை உயர்த்திக்கொண்டு மேலே பாய்கிறார்கள், பந்து எங்கே போகிறது என்று அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன், வீட்டில் தூங்குகிறார்கள்.

தவறாத ஷாட்டில் எனக்கு என்ன வேலை என்று ஜூன் 30-இல் எழுதியவன் நான்தான். அழிக்கவில்லை, இருக்கட்டும். மகள் காலையில் பார்த்துவிட்டு 'இது குரோகோப்பா' என்று சொல்லப் போகிறாள்.

ஆகஸ்ட் 13

சொன்னாள்.

ஆகஸ்ட் 18

தம்பி முடித்துவிட்டான். ஒரே வரி: 'அண்ணே, பேரே டங்க், கடைசி ஷாட் சாதாரண ஜம்ப் ஷாட்!'

ஆமாம். குதித்துப் பந்தை ரிங்குக்குள் அறைகிற டங்க் இல்லை, சகுராகி போன வாரம் வரைக்கும் ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய ஷாட். இருபதாயிரம். லேசில் யாருக்கும் பாஸ் கொடுக்காத ருகாவா, அதே அணிக்காரன், அவனுக்குப் பாஸ் கொடுக்கிறான். 79-78. அதற்கு அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி, அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்.

'நிஜத்திலும் இப்படித்தான் இருக்கும், ஒரு நாள் எல்லாம் சரியாக வந்தால் மறுநாள் கால் நகராது' என்று எழுதியிருக்கிறான். என் கட்சிக்கு வந்துவிட்டானா, நான் அவன் கட்சிக்குப் போய்விட்டேனா, குழப்பமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24

இது ஒரு திருத்தம், பெரிய திருத்தம்.

ஊருக்குப் போயிருந்தேன். ப்ளஸ் டூ டீமில் எங்கள் கேப்டனாக இருந்தவனைப் பார்த்தேன், 4-ஆம் எண். அவனிடம் ஜூன் 9-இல் எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தான். 'டேய், ஒரு பாயின்ட் இல்லடா, மூணு பாயின்ட். நீ ரெண்டும் போட்டிருந்தாலும் தோத்திருப்போம். அதுவும் ஒண்ணு உள்ளே போச்சு.'

ஒன்று உள்ளே போனதா? இருபத்தேழு வருஷமாக ரெண்டும் போர்டில் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என் தலைக்குள். பெண்கள் அணி? 'அவங்க மத்தியானமே கிளம்பிட்டாங்க.' பக்கத்து சீட் காலி? 'நீதான் ஜன்னல் சீட் வேணும்னு முன்னாடி போய் உக்காந்த.'

தம்பி, புனைவு தேவையில்லை என்று நீ கேட்டபோது நான் ஏன் அவ்வளவு சூடாக வந்தேன் என்று இப்போது புரிகிறதா? எனக்குப் புரிகிறது.

ஆகஸ்ட் 25

அதே டீமில் இன்னொருத்தன், இப்போது கம்பத்தில் கடை வைத்திருக்கிறான். போன் போட்டேன். 'அந்த மேட்ச்சா? நாம ஜெயிச்சோம்டா' என்கிறான். பத்து நிமிஷம் சண்டை.

செப்டம்பர் 1

எதிர் டீமில் ஆடியவர் ஒருவர் நம்பர் கிடைத்தது. நல்ல மனுஷர், நிதானமாகக் கேட்டார். அப்படி ஒரு மேட்ச்சே நினைவில் இல்லையாம்.